பொந்துக்குள் மஞ்சள்

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர். வைத்தவள் என் மனைவியின் தங்கை. அவளுக்கு நான் வைத்த பெயர் வாலு. ஆக, கணக்கு நேர். கதவைப் பூட்டிய பிறகு ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவன், அடுப்பை அணைத்த பிறகும் போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பவன் என்று தன் தோழிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். என் பிழைப்பே அதுதான். ஆய்வுக்கூடத்தில் என் மனைவி ஒன்றைக் கண்டுபிடிப்பாள், அது நிஜம்தானா என்று நான் பார்ப்பேன். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் செய்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் வேலைப் பேச்சு எடுத்தால், கடைசியில் யாராவது ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவோம்.

அன்று சாயங்காலம் பேச்சை எடுத்தவள் அவள். சாப்பாட்டைக்கூட எடுத்து வைக்காமல் மேசை நடுவில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

"வாலு, இங்க வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

"படிகமா? போன தடவ ஆகா ஓகோன்னு காட்டினது கடைசியில உப்பாப் போச்சேக்கா."

"வாயை மூடிட்டு வந்து பாரு."

வாலு இருமிக்கொண்டே வந்தாள். அவள் சின்னப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். இருமல் வரும்போதெல்லாம் ஒலியை நிறுத்திவிட்டு, முடிந்ததும் சிரித்த முகத்தோடு திரும்புவாள். அந்தச் சிரிப்போடே வந்து உட்கார்ந்தாள்.

திரையில் நீல நிற வலை. அதன் நடுவில் ஒரு பொந்து. பொந்துக்குள் மஞ்சள் குச்சிகளால் ஆன ஒரு மூலக்கூறு, வலைக்குள் அடங்கி, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வாலுவின் இடது நுரையீரலின் அடிப்பக்கத்தில் ஒரு பாக்டீரியா வருடக்கணக்கில் குடியிருக்கிறது. வாடகை தராத குடித்தனக்காரன், காலி செய்யவும் மாட்டான். எந்த மருந்தை உள்ளே அனுப்பினாலும் அதை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளை அது கட்டி வைத்திருக்கிறது. அந்தப் பம்புகளுக்கான மரபணுவை எப்போது ஓடவிடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்ய அதற்குள் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தின் ஒரு பாதி, மரபணுவை இறுகப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும் கை. மறு பாதியில்தான் அந்தப் பொந்து. ஆபத்தின் வாசனையோடு ஏதாவது பொந்தில் வந்து உட்கார்ந்தால், கை பிடியை விடும், பம்பு வேலை தொடங்கிவிடும். கை பிடியை விடாதபடி பொந்தை வேறு ஒன்றால் அடைத்துவிட்டால் பம்பு இல்லை. பழைய மருந்தே போய் வேலையை முடிக்கும். முழுப் புரதம் எத்தனை முயன்றும் படிகமாகவில்லை. அதனால் என் மனைவி பொந்து இருக்கும் பாதியை மட்டும் தனியாகச் செய்து, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் தொங்கவிட்டு, படிகம் வளர்த்தாள். வேதியியல்காரர்கள் கொடுத்த மஞ்சள் பொடியைக் கரைத்து அதில் ஊறவைத்தாள். படிகமும் மஞ்சளானது. பிறகு அதை உறையவைத்து, எக்ஸ் கதிரின் முன்னால் நிறுத்தி, விழுந்த புள்ளிகளிலிருந்து, எங்கெங்கே அணு இருக்கிறது என்று காட்டும் இந்த வலையைப் போட்டாள்.

"இது என் பூச்சியோட புரதமா?" வாலு கேட்டாள்.

"அதே பூச்சிதான்."

"மருந்து உள்ள போய் உக்காந்துருச்சா?"

"நீயே பாக்கறியே."

நான் தொண்டையைச் செருமினேன். "இன்னும் அத வெளிய எடுத்துட்டுப் பாக்கல. நாளைக்குத்தான் நான் பாக்கப்போறேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தங்கை சண்டையில் நடுவே போனால்தான் அடி விழும் என்பார்கள். அக்கா தங்கை சந்தோஷத்தில் நடுவே போனாலும் விழும்.

"அத்தான், உங்களுக்கு யாராவது விருந்து வெச்சா, முதல்ல சமையல்காரன் சாப்பிடட்டும்னு சொல்வீங்களா?"

"அவர் விடுடி. கல்யாணத்தன்னிக்கே பொண்ணு இதுதானான்னு எட்டிப் பாத்தவரு."

சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மருந்தாக வர இன்னும் எத்தனையோ கட்டம் தாண்ட வேண்டும், பாதிக்கு மேல் வழியிலேயே செத்துப்போகும் என்று அப்போதே மேசையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். வாலுவின் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அடுத்த வாரம் அவளுக்கு அறுவைச் சிகிச்சை. இடது நுரையீரலின் அடிப்பகுதியை அப்படியே எடுத்துவிடுவது. மருந்தால் ஆகாது என்று ஆன பிறகு வைத்த கடைசி யோசனை. "வலது பக்கம் இன்னும் சுத்தமா இருக்கு. அந்தப் பக்கம் பரவறதுக்குள்ள எடுத்துடணும், பரவினதுக்கு அப்புறம் எடுத்தும் பிரயோசனம் இல்ல" என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். வாலு சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் குளியலறையில் போய் அழுதாள். நெஞ்சைத் திறப்பது என்றால் சும்மாவா? ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக் கூடத்து மூலையில் வைத்தது என் மனைவி. அந்தப் பையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூவரும் கொஞ்சம் தள்ளி நடந்தோம்.

மறுநாள் ஆய்வுக்கூடம். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதை யாரும் மீறக் கூடாது. திரையில் பொந்துக்குள் ஒன்றை வைத்தவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. வேறொருவர் அதை வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கணினிக் கணக்குக்குள்ளேயே சூடேற்றிக் குலுக்கி ஆறவைத்து, மறுபடி வலை போட வேண்டும். ஏன் என்றால், எக்ஸ் கதிர் நமக்குச் சொல்வது பாதிச் செய்திதான். மீதிப் பாதியை நாம் கட்டி வைத்த மாதிரி உருவத்திலிருந்தே கடன் வாங்குகிறோம். அதனால் இல்லாத ஒன்றை வைத்தாலும், வலை வெட்கமில்லாமல் அதையே நமக்குத் திருப்பிக் காட்டும். உண்மையில் இருப்பதாக இருந்தால், எடுத்துவிட்டாலும் அதன் உருவம் அங்கேயே நிற்கும். எடுத்ததும் காணாமல் போனால், அது நாம் கொண்டுவந்தது. எளிமையான சட்டம். மாமியாருக்கும் பொருந்தும் என்று எங்கள் குழுத்தலைவர் வேடிக்கையாகச் சொல்வார்.

அவளுடைய கோப்புகளைத் திறந்ததும் எனக்கு உறுத்தியது. எந்த வரிசையில் என்னென்ன செய்தாள் என்பது கோப்பின் பெயர்களிலேயே தெரியும். தண்ணீர் மூலக்கூறுகளை வைப்பதற்கு முன்பே மஞ்சளை வைத்திருந்தாள். அதை யாரும் செய்ய மாட்டார்கள். முதலில் புரதம், பிறகு தண்ணீர், எல்லாம் அடங்கிய பிறகு கடைசியாக மிச்சமிருக்கும் பொந்தில் மருந்து. புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் பாடமாக இதைச் சொல்பவளே அவள்தான். பந்தி முடிவதற்கு முன் இலையில் கை கழுவின மாதிரி இருந்தது எனக்கு.

மஞ்சளை எடுத்தேன். குலுக்க விட்டேன். கணக்கு ஓடி முடிய மத்தியானம் ஆகும்.

அந்த நேரத்தில்தான் வாலு கூப்பிட்டாள்.

"அத்தான், அக்கா போன எடுக்கல. ஒரு நல்ல சேதி."

"சொல்லு."

"ஆஸ்பத்திரிக்குப் பேசிட்டேன். அந்தத் தேதி வேணாம்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? என் நெஞ்சு. மருந்துதான் உள்ள போய் உக்காந்துருச்சே, இனிமே எதுக்கு வெட்டறது? காத்திருக்கலாம்ல. எத்தன வருஷம் இதோட இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள்."

"வாலு, உடனே திருப்பிப் போன் பண்ணு. வேணும்னு சொல்லு."

"அத்தான்..." அவள் குரல் மாறியது. "நேத்து ராத்திரி ரொம்ப நாளைக்கு அப்புறம் தூங்கினேன். அதக் கெடுக்காதீங்க." வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த நேரம் பிள்ளைகளுக்கு வகுப்பு.

என் மனைவி படிக அறையில் இருந்தாள். ஜன்னல் இல்லாத குளிர்ந்த அறை, நுண்ணோக்கி, தட்டுகளின் அடுக்கு. கண்ணை எடுக்காமலே, "மஞ்சளப் பாருங்க, எவ்வளவு அழகா ஏறியிருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். சொட்டுக்குள் மஞ்சள் படிகங்கள். சொட்டும் மஞ்சள்தான். சாயத்தண்ணீரில் முக்கினால் கைக்குட்டைகூடத்தான் மஞ்சளாகும், அதற்காக நூலோடு சாயம் ஒட்டிக்கொண்டதாக அர்த்தமா? படிகத்தின் பாதி தண்ணீர். நிறம் எங்கே நிற்கிறது என்பதை நிறம் சொல்லாது. இதுவும் அவளுக்குத் தெரியாதது இல்லை.

வாலு சொன்னதைச் சொன்னேன். அவள் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுத்தாள். முகத்தில் முதலில் வந்தது பயம். பின்னாலேயே சந்தோஷமும் வந்தது, அதை நான் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்ததில்தான் எனக்குக் கோபம்.

"நீயா சொன்ன தள்ளிப் போடச் சொல்லி?"

"நான் சொல்லல. ஆனா அவ வேணாம்னா..."

"வா, கணக்கு முடிஞ்சிருக்கும்."

முடிந்திருந்தது. பொந்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சள் இருந்த இடத்தில் மூன்று சின்ன உருண்டைகள். ஒன்றுக்கொன்று கைகோக்கும் தூரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூன்று தண்ணீர் மூலக்கூறுகள். வேறொன்றும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆசைப்பட்டவன் கண்ணுக்கு என்னவெல்லாம் என்பதற்குப் பழமொழி இல்லை, அதை நாங்களே செய்து காட்டினோம்.

அவள் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள். அதன் சக்கரத்தை மேலே உருட்டினால் வலை சுருங்கி, நிச்சயமான இடங்களில் மட்டும் நிற்கும். கீழே உருட்டினால் விரிந்து, இரைச்சலையும் சேர்த்து வாரிக்கொள்ளும். அவள் கீழே உருட்டினாள். வலை விரிந்தது. இன்னும் உருட்டினாள்.

"இதோ. இந்த வளைவு தெரியுதா? படிகத்துக்குள்ள மூணு புரதத்துல ஒண்ணுலதான் ஏறியிருக்கும், அதான் மங்கலா இருக்கு. இன்னொரு படிகம் எடுத்தா..."

"இவ்வளவு கீழ உருட்டினா அந்தப் பொந்துல என்னையும் உன்னையும்கூட காட்டலாம்."

"நீங்க எப்பவுமே இப்படித்தான்!"

"நீ எப்பவும் இப்படி இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு. தண்ணிக்கு முன்னாடியே எப்படி வெச்ச?"

அவள் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் விரலைப் பிடித்து நிறுத்தினேன். சில்லிட்டிருந்தது, படிக அறைக் குளிர் இன்னும் போகவில்லை.

வீடு திரும்பும் வழி முழுதும் பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம். பாதி வழியில், "இன்னிக்குச் சொல்ல வேணாம்" என்றாள். "அடுத்த படிகம் எடுத்துப் பாத்துட்டு..."

"தேதிய வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"ஒரே ஒரு படிகம்."

"வலது பக்கத்துக்கு அது போறதுக்கு உன் படிகத்துகிட்ட அனுமதி கேக்காது."

எங்களைப் பார்த்து ஒரு அம்மாள் கைப்பையை நகர்த்திக்கொண்டார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினால் கரைவது குதிரை, முழுகுவது வேறு ஆள். இதில் குதிரையைச் செய்தவள் என் மனைவி, ஆற்றில் இறங்கியிருப்பவள் அவள் தங்கை. "நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "நீதான் சொல்லணும். நீ சொன்னாத்தான் அவ நம்புவா."

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்து மூலையைப் பார்த்தோம். பை இல்லை. வாலு அதைப் பிரித்து, துணிகளை மடித்து அலமாரியில் வைத்து, பையை மேலே ஏற்றிவிட்டிருந்தாள். மூலையைப் பெருக்கித் துடைத்தும் வைத்திருந்தாள். என் மனைவி அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"என்ன, சந்தேகப்பிராணி எடுத்துப் பாத்தாச்சா?" வாலு சமையலறையிலிருந்து கேட்டாள்.

"பாத்தாச்சு," என்றாள் என் மனைவி.

மடிக்கணினியை மேசையில் திறந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கே தெரியவில்லை. புது வலையைத்தான் திறந்தாள். ஆனால் மஞ்சள் குச்சிகளையும் கூடவே திறந்தாள், சக்கரத்தை உருட்டத் தொடங்கினாள். "இங்க பாரு... இந்த இடத்துல..."

வாலு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, பிள்ளைகள் விடையைத் தெரிந்துகொண்டு வழியைப் பின்னாலிருந்து எழுதுவதை எத்தனை பார்த்திருப்பாள்.

"ஏன்க்கா உருட்டிக்கிட்டே இருக்க?"

"சரியா தெரியணும்ல."

"நேத்து உருட்டாமயே தெரிஞ்சுதே. கையை எடு."

என் மனைவி கையை எடுத்தாள். பிறகு ஒரு பொத்தானை அழுத்தி மஞ்சளை மறைத்தாள், சக்கரத்தை மேலே, இருக்க வேண்டிய இடத்துக்கு, உருட்டி விட்டாள். மூன்று உருண்டைகள் நின்றன.

"இது என்ன?"

"தண்ணி."

"மருந்து?"

"இல்லடி."

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது, யாரும் எழுந்து போகவில்லை. நான்தான் போய் அணைத்தேன், திருகை இரண்டாம் முறை தொடாமல் வந்தேன்.

"நேத்து பாத்தியே?" வாலு கேட்டாள்.

"பாத்தேன். சத்தியமா பாத்தேன்டி. அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது."

"இல்லாதது எப்படித் தெரியும்?"

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன், நாம் வைப்பதையே அது திருப்பிக் காட்டும் என்பதை, எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதை. வாலு கடைசிவரை கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள்.

"காலையில வேணாம்னு சொன்னேனே, அந்தத் தேதி திருப்பி வேணும்," என்றாள்.

"அது அப்பவே இன்னொருத்தருக்குக் குடுத்தாச்சேம்மா," என்றது ஒரு பெண் குரல். அன்பான குரல்தான். "உங்க பேரைக் காத்திருக்கறவங்க வரிசைல போட்டுக்கறேன்."

"எப்ப வரும்?"

"அது சொல்ல முடியாதும்மா. யாராவது விட்டா கூப்பிடறோம்."

வாலு நன்றி சொல்லி வைத்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்போல் ஒரு கொடுமை கிடையாது. மனைவியைப் பார்த்தால் பாவமாக இருந்தது, வாலுவைப் பார்க்கவே முடியவில்லை. அலமாரி மேலிருந்து பையை இறக்கினேன். வேறு என்ன செய்வது என்று தோன்றவில்லை.

சாயங்காலம் முதுகு தட்டும் வேளை தவறக் கூடாது. தினமும் காலையும் மாலையும் வாலு கட்டில் விளிம்பில் தலையணைகளை அடுக்கி, இடுப்பு உயரத்திலும் தலை தாழ்விலுமாகக் குப்புறப் படுப்பாள். அக்கா உள்ளங்கையைக் குழித்து, இடது விலாவின் அடியில் தட்டுவாள், சளி இளகி இறங்கும்வரை. அன்றும் படுத்தாள். அன்றும் என் மனைவி தட்டினாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று தங்கையின் முதுகில் விழுந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

"அக்கா," என்றாள் வாலு தலையணைக்குள் முகத்தை வைத்தபடியே. "நீ அந்தப் பொந்துல மருந்தை வெச்சுப் பாக்கல."

"வேற என்னத்தடி வெச்சேன்?"

"என்னை."

தட்டும் கை நின்றது.

"அடுத்த படிகம் வரும்ல, அப்ப என்னை எடுத்துட்டுப் பாரு. இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி இல்லன்னு சொல்லு. எனக்காகப் பாக்காதக்கா."

என் மனைவி அந்த முதுகையே பார்த்தாள்.

"உன்னை எடுத்துட்டா, எனக்கு அங்க பாக்க என்னடி இருக்கு?"

வாலுவுக்கு ஒரு இருமல் வந்து போனது. கையைப் பின்னால் நீட்டி, அக்காவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, விலாவின் மேலேயே மறுபடி வைத்தாள்.

"தட்டுக்கா. நிறுத்தினா சளி இறங்காது."

அவள் தட்டினாள். நான் கூடத்துக்கு வந்து, அலமாரியிலிருந்து வாலுவின் துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.